அஸ்கார்பிக் அமிலம்

வைட்டமின் சி-யின் வேதிப்பெயரான அஸ்கார்பிக் அமிலம், ஆறு கார்பன், எட்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன் அணுக்களால் ஆன, நீரில் எளிதில் கரையும் வெண்படிகச் சேர்மமாகும். 1928-இல் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஹங்கேரிய அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, மாட்டின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த இப்பொருளைச் சர்க்கரையிலிருந்து தோன்றும் அமிலங்களுள் ஒன்றெனக் கருதி, 'ஹெக்சூரானிக் அமிலம்' என்றழைத்தார். ஸ்கர்வி நோயைத் தடுக்கும் வைட்டமின் இதுவே என்பது 1932-இல், ஹங்கேரியின் செகெட் நகரில் அவரும் உடன் ஆய்வாளர் ஸ்விர்பெலியும், அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் சார்லஸ் கிளென் கிங்கும் நடத்திய ஆய்வுகளால் தெளிவாயிற்று.

இதன் மூலக்கூற்றுக் கட்டமைப்பை அறியத் தடையாக நின்றது மூலப்பொருளின் பற்றாக்குறையே. சுரப்பிகளிலிருந்து சில கிராம்களே தேறிவந்த நிலையில், செகெட் வட்டாரத்தில் மிகுதியாக விளைந்த பாப்ரிகா மிளகாய் அந்தக் குறையைப் போக்கியது. அங்கிருந்து கிடைத்த படிகங்களைக் கொண்டு பர்மிங்காமில் நார்மன் ஹாவொர்த்தும் எட்மண்ட் ஹர்ஸ்ட்டும் 1933-இல் கட்டமைப்பை நிறுவினர். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தில் தாடியஸ் ரைக்ஸ்டைனும் பர்மிங்காம் குழுவினரும் இதைச் செயற்கையாகத் தொகுத்தனர்.

கண்டறிந்த அமைப்பு, பழைய பெயர் தந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியது. கரிம அமிலங்களில் வழக்கமாகக் காணப்படும் கார்பாக்சில் தொகுதி இதில் தனித்து இல்லை; அது அதே மூலக்கூறின் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியுடன் இணைந்து லாக்டோன் எனப்படும் ஐந்தணு வளையமாக மூடிக்கொள்கிறது. ஆயினும் இது வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலத்தைவிடச் சற்றே வலிய அமிலம். வளையத்தின் இரண்டாம், மூன்றாம் கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பும், அவ்விரண்டிலும் ஒவ்வொரு ஹைட்ராக்சில் தொகுதியும் அமைந்திருப்பதே அதற்குக் காரணம்: மூன்றாம் கார்பனின் ஹைட்ராக்சில் புரோட்டானை இழக்கும்போது எஞ்சும் எதிர்மின்சுமை, இரட்டைப் பிணைப்பின் வழியே முதல் கார்பனின் ஆக்சிஜன்வரை பரவி நிலைபெறுகிறது.

வைட்டமினின் ஒடுக்கும் ஆற்றலும், அதாவது பிற பொருள்களுக்கு எலக்ட்ரான் அளிக்கும் இயல்பும், இதே இடத்தில்தான் உறைகிறது. இரு எலக்ட்ரான்களையும் இரு புரோட்டான்களையும் இழந்ததும் அந்த இரட்டைப் பிணைப்பு ஒற்றையாகி, இரு கார்பன்களும் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்புக் கொண்ட டிஹைட்ரோஅஸ்கார்பிக் அமிலம் உருவாகிறது. உடல் இதை மீண்டும் ஒடுக்கிப் பழைய வடிவுக்குக் கொணரும். ஆனால் நீரோடு வினைபுரிந்து லாக்டோன் வளையம் திறந்துவிட்டால் அம்மாற்றத்தை உடலால் மீட்க இயலாது, வைட்டமின் தன்மை முற்றிலும் அழியும். எலக்ட்ரான்களை இழக்கும் முதற்படியான ஆக்சிஜனேற்றத்தைச் செம்பு அயனிகள் வெகுவாக விரைவுபடுத்துவதால், பழச்சாற்றைச் செம்புப் பாத்திரத்தில் வைத்திருப்பது அதன் வைட்டமின் சி-யைக் குறைத்துவிடும்.