மூன்று நிமிடத் தட்டுகள்

லாக் ஃபைல் இல்லாமல் பக் தேடச் சொன்னால் நாம் கடுப்பாகிவிடுவோம். ஆனால் மனநல ஆலோசனை ரொம்ப நாள் அப்படித்தான் நடந்தது. அறைக்குள் என்ன பேசினார்கள் என்பதற்குப் பெரும்பாலும் ஆலோசகரின் ஞாபகம்தான் சாட்சி. இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987).

அவர் படிப்பே சுற்றுவழிதான். விஸ்கான்சினில் முதலில் விவசாயம், அப்புறம் வரலாறு. நியூயார்க்கில் இறையியல். அதையும் விட்டு கொலம்பியாவில் உளவியல். 1931ல் முனைவர் பட்டம்.

1928 முதல் ரோசெஸ்டரில் குழந்தைகளுக்கான ஆலோசனைப் பணி. அங்கே ஒரு தாய். மகனை அவர் ஒதுக்கியதுதான் பிரச்சனை என்று ரோஜர்ஸ் விளக்கிப் பார்த்தார், பலனில்லை. இத்தோடு நிறுத்திக்கலாம் என்று கிளம்பியவர் வாசலில் திரும்பி, பெரியவங்களுக்கும் ஆலோசனை தருவீங்களா என்று கேட்டார். சரி என்றதும் தன் மண வாழ்க்கையின் கஷ்டத்தைக் கொட்ட ஆரம்பித்தார். எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும், வழியையும் அவரே காட்டட்டும் என்பது ரோஜர்ஸின் கொள்கையானது.

கொள்கையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1940ல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் போனபின் உரையாடல்களை இசைத்தட்டில் பதிந்தார். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். 1942ல் வந்த புத்தகத்தில், 'ஹெர்பர்ட் பிரயன்' என்ற புனைபெயரில் ஒருவருடனான எட்டு சந்திப்புகளையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். ஆலோசகர் எங்கே சறுக்கினார் என்றும் அடிக்குறிப்பில் எழுதினார்.

இன்று பயிற்சி மாணவர்கள் தங்கள் பதிவைத் தாங்களே கேட்டுத் திருத்திக்கொள்வது சாதாரண விஷயம். அன்று அதற்கு நிறைய துணிச்சல் வேண்டியிருந்தது.