கேள்வி கேட்டவள்மீது வந்த கோபம்: ஸ்கைலர் வொய்ட் விவாதத்தின் பின்னணி

2013 ஆகஸ்ட் இறுதியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் நடிகை ஆனா கன் ஒரு கட்டுரை எழுதினார். ‘பிரேக்கிங் பேட்’ என்னும் குற்றத் தொடரில் ஸ்கைலர் வொய்ட் என்ற மனைவியின் பாத்திரத்தை ஐந்து பருவங்களாக நடித்து வந்தவர் அவர். அப்பாத்திரத்தின்மீது பார்வையாளர் பலர் கொண்ட வெறுப்பு நாளடைவில் தம்மீதே திரும்பியதையும், தம்மைக் கொல்வதற்காக இருப்பிடத்தை விசாரித்து ஒருவர் பதிவிடும் அளவுக்கு அது முற்றியதையும் அக்கட்டுரை எடுத்துரைத்தது. தொடரின் இறுதி அத்தியாயங்கள் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. ஸ்கைலரின் கணவன் வால்டர் அதற்குள் பலரைக் கொன்றிருந்தான்; ஓர் இளம்பெண் மூச்சுத்திணறிச் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தான்; ஒரு சிறுவனுக்கு நஞ்சு கொடுத்திருந்தான். இவ்வளவுக்கும் பின் கொதிப்பு மனைவிமீதே குவிந்தது ஏன் என்ற வினாவுக்கு, பெண்வெறுப்பு என்ற ஒற்றைச் சொல்லில் விடை கூறுவோர் உண்டு. தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே அவ்வாண்டு ஒரு நேர்காணலில் ஏறத்தாழ அப்படித்தான் கூறினார். அவ்விடை பிழையன்று, ஆனால் போதுமானதன்று. பார்வையாளரின் மனத்தில் அவ்வெறுப்பு எவ்வாறு விளைந்தது என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவில் குற்றக் கதைகள் நெடுங்காலம் தீர்ப்போடு சேர்த்தே வழங்கப்பட்டன. 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட ஹாலிவுட் தயாரிப்பு நெறிமுறை, பார்வையாளரின் பரிவு குற்றவாளியின் பக்கம் சாயும்படி கதை அமையலாகாது என்று விதித்தது. தொலைக்காட்சி வந்தபோது, ஒளிபரப்பாளர் தேசியச் சங்கம் 1952இல் அதே மனப்பாங்கோடு தனக்கொரு நெறிமுறையை வகுத்துக்கொண்டது. அது 1983 வரை நீடித்தது. இவ்விதிகளின் நிழலில் உருவான தொடர்களில் துப்பறிவோன் வெல்வான், குற்றவாளி அகப்படுவான். யார் செய்தது சரி என்று பார்வையாளர் தமக்குள் வழக்காட அங்கே இடமில்லை. தீர்ப்பைத் தொடரே எழுதி முடித்துவிடும். விளம்பரதாரரை நம்பாமல் சந்தாதாரரின் பணத்தில் இயங்கிய எச்.பி.ஓ. போன்ற கட்டணத் தொலைக்காட்சிகள் தலையெடுத்த பிறகே தீர்ப்பை எழுதாமல் விட்டுவிடும் துணிவு பிறந்தது.

அத்துணிவு எளிதில் வந்துவிடவில்லை. 1999இல் ‘தி சொப்ரானோஸ்’ தொடங்கியது. அதன் ஐந்தாம் அத்தியாயத்தில் மாஃபியாத் தலைவன் டோனி, கல்லூரிகளைப் பார்வையிட மகளை அழைத்துச் செல்லும் வழியில் பழைய காட்டிக்கொடுப்பாளன் ஒருவனைத் தன் கையாலேயே நெரித்துக் கொல்கிறான். நாயகன் இப்படிக் கொன்றால் பார்வையாளர் கைவிட்டுவிடுவர் என்று எச்.பி.ஓ. தலைமை அஞ்சியது. கொல்லாமல் விட்டால்தான் அவன்மீது நம்பிக்கை போய்விடும் என்று வாதாடி வென்றார், தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ். பார்வையாளர் கைவிடவில்லை. மாறாக, அவர்களுடைய கேள்விகள் டோனியைச் சுற்றியிருந்த பெண்கள்பால் திரும்பின. அவன் கொலைகாரன் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தியாகிவிட்டது. அவனோடு வாழ்பவள், அவனுக்கு மருத்துவம் பார்ப்பவள் ஆகியோரின் முடிவுகளே வழக்குக்குரியவையாயின.

இவ்வகையில் முதன்மையானது 2001 மார்ச்சில் ஒளிபரப்பான அத்தியாயம். டோனியின் மனநல மருத்துவர் ஜெனிபர் மெல்ஃபி வன்புணர்வுக்கு உள்ளாகிறார். பிடிபட்டவன், சான்றுகளைக் கையாண்டதில் காவல்துறை செய்த பிழையால் விடுவிக்கப்படுகிறான். பிறகு ஓர் உணவகத்தில் அவனுடைய படம் அம்மாதத்தின் சிறந்த ஊழியர் என்ற சிறப்போடு சுவரில் தொங்குவதை அவர் காண்கிறார். டோனியிடம் ஒரு சொல் கூறினால் போதும், அவன் கதை முடிந்துவிடும். அது மெல்ஃபிக்குத் தெரியும்; பார்வையாளருக்கும் தெரியும். அழுதுகொண்டிருப்பவரிடம், ஏதேனும் சொல்ல வேண்டுமா என்று டோனி கேட்கிறான். இல்லை என்ற ஒற்றைச் சொல்லோடு அத்தியாயம் முடிகிறது.

பிற்பாடு என்றேனும் அவர் டோனியிடம் சொல்வார், அவன் பழிதீர்ப்பான் என்று பலர் காத்திருந்தனர். 2007இல், 86 அத்தியாயங்களோடு தொடர் நிறைவுற்றபோதும் அது நிகழவில்லை. அம்மறுப்பு கோழைத்தனம் என்றனர் சிலர். சட்டம் கைவிட்ட பின்னும் சட்டத்தின் பக்கம் நிற்கும் பேராண்மை என்றனர் வேறு சிலர். இவ்விவாதத்தின் உட்பொருளைக் கூர்ந்து நோக்கின் ஒன்று புலப்படும். மெல்ஃபிக்கு நீதி கிடைக்கவில்லை என்ற வருத்தத்தோடு, டோனியின் வன்முறையை ஒருமுறையேனும் குற்றவுணர்வின்றிக் கைதட்டி வரவேற்கும் வாய்ப்பு பறிபோயிற்றே என்ற ஏமாற்றமும் அதில் கலந்திருந்தது. திரைக்கதையாசிரியர்கள் ராபின் கிரீனும் மிட்செல் பர்ஜெஸும் அந்த வாய்ப்பை வேண்டுமென்றே நீட்டிவிட்டு மூடிக்கொண்டார்கள்.

டோனியின் மனைவி கார்மெலாவின் நிலை வேறு. அதே பருவத்தில் வயதான மனநல மருத்துவர் ஒருவரிடம் அவள் செல்கிறாள். குழந்தைகளை மட்டும் அழைத்துக்கொண்டு வெளியேறு, வேறெதையும் எடுத்துக்கொள்ளாதே என்று அவர் கூறுகிறார். இரத்தம் படிந்த பணம் என்பதால் தம் கட்டணத்தைக்கூட வாங்க மறுக்கிறார். உனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்று இனி நீ கூற முடியாது என்பது அவர் வைத்த முத்தாய்ப்பு. கார்மெலா வீடு திரும்பி, மகள் படிக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு 50,000 டாலர் நன்கொடை தரும்படி கணவனிடம் பிடிவாதம் பிடிக்கிறாள். 2002 இறுதியில் கணவனைப் பிரிகிறாள். 2004இல் நிலம் வாங்கி வீடு கட்ட அவன் 600,000 டாலர் தர ஒப்புக்கொண்ட பின் மீண்டும் சேர்கிறாள். விலை இவ்வளவு துல்லியமாகச் சொல்லப்பட்டும் கார்மெலாவைப் பார்வையாளர் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவள் தடை சொன்னாள். ஆனால் தொழிலைத் தடுக்கவில்லை.

ஸ்கைலர் தடுத்தாள். வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

‘பிரேக்கிங் பேட்’ 2008 சனவரி 20 அன்று ஏ.எம்.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் வேதியியல் கற்பிக்கும் பள்ளி ஆசிரியன் வால்டர் வொய்ட், வயது ஐம்பது, நுரையீரல் புற்றுநோய். மனைவி கருவுற்றிருக்கிறாள். குடும்பத்துக்குப் பணம் சேர்த்து வைக்க மெத் என்னும் போதைப்பொருளைக் காய்ச்சத் தொடங்குகிறான். கதையின் கட்டுமானத்தில் ஒரு நுட்பம் உண்டு. நோய் இருப்பது மனைவிக்குத் தெரிவதற்கு முன் பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. போதைத் தொழிலோ இரண்டு பருவங்கள் முழுவதும் அவளுக்குத் தெரியாது. பார்வையாளருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். இரகசியத்தைப் பகிர்ந்துகொண்டவர் கூட்டாளி ஆகிவிடுகிறார். எங்கே போயிருந்தீர்கள், இன்னொரு கைப்பேசி எதற்கு என்று ஸ்கைலர் கேட்கும்போதெல்லாம், கேள்வி வால்டருக்கு விடுக்கப்பட்டாலும் மாட்டிக்கொள்ளும் பதற்றம் பார்வையாளரைத் தொற்றுகிறது. ஒரு மனைவி கேட்டேயாக வேண்டிய கேள்விகள் கதையின் ஓட்டத்துக்குக் குறுக்கே கிடக்கும் கற்களாகத் தோன்றிவிடுகின்றன.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. முதற்பருவம் ஸ்கைலருக்குப் போதிய உள்வாழ்வு தரவில்லை. எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் அப்பருவம் ஏழு அத்தியாயங்களிலேயே நின்றுபோனது. அதற்குள் அவளுக்கு வாய்த்தவை பெரும்பாலும் கண்டிப்பும் ஐயமும்தான். பாத்திரம் சலிப்பூட்டுகிறது என்று அப்போது கூறியவர்கள் எழுத்தின் குறையைச் சுட்டினார்கள் என்று கொள்ளலாம். ஆனால் அக்குறை இரண்டாம் பருவத்திலிருந்து நீங்கியது; வெறுப்போ வளர்ந்தது. 2010இல் ஒளிபரப்பான மூன்றாம் பருவத்தில் அவள் உண்மையை ஊகித்துவிடுகிறாள். மணமுறிவுப் பத்திரங்களை நீட்டுகிறாள். வால்டர் வலிந்து வீட்டுக்குள் குடிபுகுகிறான். அவள் காவலரை அழைக்கிறாள். வந்த காவலரிடம் முழு உண்மையைக் கூறினால் மகன் தந்தையை இழப்பான். கூறாவிட்டால் அவனை வெளியேற்றச் சட்டத்தில் வழியில்லை. அவள் மௌனமாகிறாள். அதன் பின்னரே தன் முதலாளி டெட்டுடன் உறவு கொண்டு, அதைக் கணவனின் முகத்துக்கு நேரே கூறுகிறாள். வேறெந்த ஆயுதமும் எஞ்சாத நிலையில் அவள் எடுத்த ஆயுதம் அது. கொலைகளைக் குடும்பக் கடமையின் கணக்கில் எழுதிக்கொண்ட பார்வையாளர் பலர் இந்த ஒன்றை மட்டும் மன்னிக்க மறுத்தனர்.

குடும்பத்துக்காகவே செய்தான் என்ற வாதம் எவ்வளவு வலுவற்றது என்பதைத் தொடர் தொடக்கத்திலேயே காட்டியிருந்தது. முதற்பருவத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் பழைய நண்பர்கள் எலியட்டும் கிரெட்சனும் மருத்துவச் செலவு முழுவதையும் ஏற்க முன்வருகிறார்கள். வால்டர் மறுக்கிறான். தேவை தீர்ந்தது, செருக்கு தீரவில்லை. இரண்டாம் பருவத் தொடக்கத்தில் குடும்பத்துக்குப் போதுமென்று அவன் கணக்கிட்ட தொகை 737,000 டாலர். ஐந்தாம் பருவத்தில் சேர்ந்திருந்தது ஏறத்தாழ 8 கோடி டாலர். 2012 செப்டம்பர் 2 அன்று வந்த அத்தியாயத்தில், வாடகைக் கிடங்கில் மலைபோல் குவிந்த நோட்டுக் கட்டுகளைக் காட்டி, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று ஸ்கைலர் கேட்கிறாள். தொடரின் மிக எளிய கேள்வி அது. அதைக் கேட்கும் துணிவு வேறெந்தப் பாத்திரத்துக்கும் வாய்க்கவில்லை.

அவளை அப்பழுக்கற்றவளாக்கிக் காப்பாற்ற முனைவோரும் தொடரைச் சரியாகப் படித்தவர் ஆகார். மைத்துனன் ஹேங்க் குண்டடிபட்டுக் கிடந்தபோது அவன் மருத்துவத்துக்கு அந்தப் பணத்தையே எடுத்தவள் அவள். சூதாட்டத்தில் வென்றதாகக் கட்டுக்கதை புனைந்தவளும் அவளே. பணத்தை வெளுக்கக் கார் கழுவும் நிலையத்தை வாங்கித் திறம்பட நடத்தினாள். 2013இல் ஹேங்க் உண்மையைக் கண்டுபிடித்து வாக்குமூலம் கேட்டபோது தர மறுத்தாள். ஜெஸ்ஸி ஆபத்தாக மாறியதும், இன்னொரு உயிர்தானே என்ற தொனியில் அவனை முடித்துவிடும்படி கணவனைத் தூண்டினாள். எதிர்த்து நின்றவள் படிப்படியாக உடந்தையாகும் இந்தச் சரிவே அப்பாத்திரத்தின் செல்வம். வியப்பு என்னவெனில், எதிர்த்தபோது நச்சரிப்பவள் என்று ஏசப்பட்டவள், உடன்பட்டபோது கபடி என்று ஏசப்பட்டாள்.

காலத்தின் பங்கும் உண்டு. வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்ற முறையில் இடையில் ஏழு நாள்கள் வாதத்துக்கு விடப்பட்டன. இறுதிப் பருவமோ இரண்டாகப் பிளக்கப்பட்டு, 2012 செப்டம்பரிலிருந்து 2013 ஆகஸ்டு வரை கதை அந்தரத்தில் நின்றது. இதற்கிடையே நெட்ஃபிளிக்ஸ் வழியாகப் பழைய பருவங்களைத் தொடர்ச்சியாகப் பார்த்தவர்கள் பெருகினர். முதல் அத்தியாயத்தைப் பார்த்தோர் சுமார் 14 லட்சம். 2013 செப்டம்பர் 29 அன்று இறுதி அத்தியாயத்தைப் பார்த்தோர் சுமார் 1 கோடியே 3 லட்சம். வழக்காடு மன்றம் நிரம்பி வழிந்த நேரத்தில் ஆனா கன் தம் கட்டுரையை எழுதினார்.

அவர் எழுதியதற்கு மூன்று வாரங்களுக்குப் பின், செப்டம்பர் 15 அன்று ‘ஒசிமாண்டியாஸ்’ அத்தியாயம் வந்தது. மொய்ரா வாலி-பெக்கெட் எழுதி, ரியான் ஜான்சன் இயக்கியது. படப்பிடிப்பு அக்கட்டுரைக்கு முன்னரே முடிந்துவிட்டதால் இதை அதற்கு விடுத்த மறுமொழியாகக் கொள்ள முடியாது. ஆயினும் விவாதத்தின் உச்சம் இதுதான். தப்பியோடும் வால்டர் வீட்டுக்குத் தொலைபேசுகிறான். மறுமுனையில் காவலர் கேட்டுக்கொண்டிருப்பதை அறிந்தே, மனைவியை வாய்க்கு வந்தபடி திட்டுகிறான்: நன்றி கெட்டவள், எப்போதும் நச்சரித்தவள், எதற்கும் துணைநில்லாதவள். அவளைக் குற்றமற்றவளாகக் காட்டச் செய்த நாடகம் அது. பேசும்போதே அவன் கண்ணில் நீர் வழிகிறது. ஆனால் அவ்வசைகள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கணக்கில் ஸ்கைலரை வெறுத்தோர் பயன்படுத்தி வந்தவை. அவர்களுள் சிலர் அப்பேச்சை நேர்ப்பொருளிலேயே ஏற்று மகிழ்ந்தனர். வேறு சிலர், வெறும் நடிப்பெனில் இவ்வளவு சரளமாக வருமா என்று கேட்டனர். அக்கேள்வி நியாயமானது. அந்தக் கசப்பில் ஒரு பகுதி வால்டருக்குள் எப்போதும் இருந்ததே; நாடகம் அதற்கு வெளியேற ஒரு வாயில் தந்தது என்று கொள்வதே பொருத்தம்.

ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 22 அன்று, அப்பாத்திரத்துக்காக ஆனா கன் எம்மி விருது பெற்றார். அடுத்த ஆண்டும் பெற்றார். இறுதி அத்தியாயத்தில் ஸ்கைலர் சிறியதோர் அடுக்குமாடி வீட்டில் புகை பிடித்தபடி அமர்ந்திருக்கிறாள். ஒளிந்து வந்த வால்டர் குடும்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், குடும்பத்துக்காகச் செய்ததாக இன்னொருமுறை சொல்லாதே என்று வெட்டுகிறாள். எனக்காகத்தான் செய்தேன் என்று முதன்முறையாக அவன் ஒப்புக்கொள்கிறான். பிறகு, ஹேங்கும் அவன் துணைவரும் புதைக்கப்பட்ட இடத்தைக் காட்டும் எண்கள் கொண்ட லாட்டரிச் சீட்டொன்றை அவளிடம் தருகிறான். அதைக் கொடுத்து அரசு வழக்கறிஞரிடம் உடன்படிக்கை செய்துகொள்ளச் சொல்கிறான். அவள் அதைப் பயன்படுத்தினாளா, வழக்கிலிருந்து மீண்டாளா என்பதைத் தொடர் காட்டவில்லை.