பெருநாளும் சிறுவர் கைப்பொருளும்
பாலமுனைப் பிரதேச முஸ்லிம் இல்லங்களின் கொடை மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகத்தின் திருநாட்களைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகள் பெரும்பாலும் வழிபாட்டிடங்களையும் ஊர்வலங்களையும் தலைவர்களையும் பற்றியனவாகவே அமைந்துள்ளன. திருநாளுக்கு முந்திய இரவில் அடுக்களையில் நடைபெறுவதும், விடிந்தபின் சிறுவரின் கையில் வந்து சேர்வதும் வரலாற்றாசிரியரின் கவனத்தை அதிகம் பெற்றனவல்ல. ஆயினும், ஒரு மரபு ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கைமாறுவது இல்லத்தினுள்ளேயே என்பதை மறுத்தல் இயலாது. பெருநாளில் சிறுவருக்கு வழங்கப்படும் கைப்பொருள் இக்கைமாற்றத்தின் கருவியாகும். அப்பொருளை யார் செய்தார், எவ்வாறு செய்தார், செய்தல் எப்போது வாங்குதலாக மாறிற்று என்னும் வினாக்கள் பொருளியல் வரலாற்றோடும் குடும்ப வரலாற்றோடும் நேரடித் தொடர்புடையன.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாலமுனையும் அதன் அயலூர்களும் ஏற்ற களமாக அமைகின்றன. பாலமுனை, ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே கடலோரமாக அமைந்த முஸ்லிம் ஊராகும். 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் உருவாகும்வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக அமைந்த இந்நிலத்தில் நெல்லும் மீனும் தென்னையும் நீர்நிலைகளில் வளரும் பன்னும் மக்களின் வாழ்க்கைக்கு ஆதாரமாயிருந்தன. இங்குள்ள சிறுவரின் பெருநாட் கைப்பொருள்களும் இவற்றிலிருந்தே பிறந்தன.

ஒப்பீட்டின் பொருட்டு முதலில் கிறிஸ்மஸ் மரபை நோக்குதல் பயனுடையது. கிறிஸ்மஸ் என்றதும் மரமும் அதன்கீழ்ப் பரிசுகளும் அவற்றைப் பிரிக்கும் சிறுவரும் இன்று நினைவுக்கு வருகின்றனர். இக்காட்சி மிகத் தொன்மையானதன்று. இங்கிலாந்தில் சார்ள்ஸ் டிக்கின்ஸ் தமது புகழ்பெற்ற கிறிஸ்மஸ் கதையை வெளியிட்டது 1843ஆம் ஆண்டிலாகும். விற்பனைக்கென அச்சிடப்பட்ட முதலாவது கிறிஸ்மஸ் வாழ்த்து மடலும் அதே ஆண்டில் வெளிவந்தது. விக்ரோரியா அரசியாரின் குடும்பம் மரத்தைச் சூழ நிற்கும் படத்தை இலண்டன் இதழொன்று 1848இல் வெளியிட்டபோதே அவ்வழக்கம் நடுத்தர வகுப்பினரிடையே விரைந்து பரவலாயிற்று. அக்காலப் பரிசுகளுட் பல வீட்டிலேயே தைக்கப்பட்டவை, பின்னப்பட்டவை, செதுக்கப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிற்சாலைப் பொருள்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. கடைப்பொருளை வண்ணத்தாளிற் சுற்றி வழங்கும் வழக்கம், அப்பொருளின் சந்தைத் தன்மையை மறைத்து அதற்கு இல்லத்தின் சாயலைத் தரும் முயற்சி என ஆய்வாளர் விளக்குவர். செய்தலின் இடத்தை வாங்குதல் பெற்றபோது எதையோ இழந்துவிட்டோம் என்னும் உணர்வு அச்சமூகத்திடம் இருந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும். 1814இல் வில்லியம் ஓல்ற் என்னும் மெதடிஸ்த ஊழியர் மட்டக்களப்புக்கு வந்தது முதலாக, அம்மரபு கல்முனை வரையுள்ள கிறிஸ்தவ இல்லங்களுக்கும் மிஷன் பாடசாலைகளுக்கும் காலப்போக்கில் அறிமுகமாயிற்று.

முஸ்லிம்களின் பெருநாட் கொடைக்கு வேறொரு வரலாறு உண்டு. எகிப்தை ஆண்ட பாத்திமிய கலீபாக்கள் நோன்புப் பெருநாளுக்கான இனிப்புப் பண்டங்களைத் தயாரிப்பதற்கெனத் தனியான இல்லமொன்றையே கெய்ரோவில் நடத்தினர். அரண்மனை சார்ந்தோருக்கு ஆடைகளும் வழங்கப்பட்டன. ஆங்கே கொடை அரசனிடமிருந்து குடிகளை நோக்கிப் பாய்ந்தது. அது ஆட்சியின் பெருமிதத்தை வெளிப்படுத்திற்று. பாலமுனை போன்ற ஊர்களில் நிலைபெற்ற கொடையோ அரண்மனையை அறியாதது. அது இல்லத்திற் பிறந்து அயலில் நிறைவெய்திற்று.

இம்மரபின் அடிப்படையை விளங்கிக்கொள்வதற்கு நோன்புப் பெருநாளின் கட்டாயக் கொடையாகிய ஸதகத்துல் பித்ரை நோக்குதல் வேண்டும். குடும்பத் தலைவர் தம் பொறுப்பிலுள்ள ஒவ்வொருவருக்காகவும் ஒரு ஸாவு அளவு உணவுத் தானியத்தை வறியோர்க்கு அளித்தல் வேண்டும். அது இன்றைய அளவில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோகிராமாகும். பெருநாட் தொழுகைக்கு முன்னரே அதனைக் கொடுத்துவிடுதல் சிறந்தது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ சட்ட மரபின்படி, றமழான் மாதத்தின் இறுதிநாட் சூரியன் மறைவதற்கு முன் பிறந்த குழந்தைக்காகவும் இக்கொடை கடமையாகும். மறைந்தபின் பிறந்த குழந்தைக்கு அது கடமையன்று. இப்பகுதியில் அத்தானியம் அரிசியாகவே இருந்தது.

இவ்விதியின் சமூகவியற் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிறந்து ஒரு நாழிகையேயான குழந்தையும் தன் பெயரால் ஒரு பங்கை அளந்துவைக்கப் பெறுகிறது. பெருநாளில் அது எதையும் பெறுவதற்கு முன்னரே கொடுத்தோரின் வரிசையிற் சேர்ந்துவிடுகிறது. உம்மா அரிசி அளக்கையில், இது காக்காவுக்கு, இது தங்கச்சிக்கு, இது தொட்டிற் பிள்ளைக்கு எனப் பெயர் சொல்லி வைப்பதைக் கண்டு வளரும் சிறுவன், ஏட்டிற் படியாத பாடமொன்றைக் கற்றுக்கொள்கிறான். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட தமது கட்டுரையில், கொடுத்தல், பெறுதல், திருப்பியளித்தல் என்னும் மூன்று கடப்பாடுகளின் மேற் கொடை நிலைபெறுவதாகக் கூறினார். சிறுவர் திருப்பியளிக்க இயலாதவர். ஆதலின் அவர்க்களிக்கும் பரிசு இவ்வொழுங்குக்குப் புறம்பானதென எண்ணத் தோன்றும. ஆனால் இம்மரபோ சிறுவரை முதலிற் கொடுப்போராக்கிய பின்னரே பெறுவோராக்குகிறது.

இனி, கைப்பொருளைச் செய்தோர் யாவர் என்பதை நோக்கலாம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே குடி எனப்படும் தாய்வழி வகுப்பு முறை நிலவுகிறது. மணமகன் மனைவியின் இல்லத்துக்குச் சென்று வாழ்தலும், மகளுக்கு வீட்டைச் சீதனமாக அளித்தலும் வழக்கமாகும். பாலமுனைக்கு அண்மையிலுள்ள அக்கரைப்பற்றில் 1969 முதலாகக் களஆய்வு செய்து 2008இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இம்முறையை விரிவாக ஆராய்ந்துள்ளார். இதன் பயனாகத் தாயும் மகளும் சகோதரிகளும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ வாழ்ந்தனர். மூத்தம்மாவின் கைத்திறன் பேரப்பிள்ளைகளின் கண்முன்னே நாள்தோறும் இயங்கிற்று. சிறுவரின் பெருநாட் கைப்பொருள் பெண்வழி இல்லத்தின் கூட்டுழைப்பாய் அமைந்தமைக்கு இக்குடியிருப்பு முறையே காரணம் எனலாம்.

அக்கைப்பொருள்களுள் ஆடை முதலிடம் பெற்றது. பெருநாளன்று உள்ளவற்றுட் சிறந்ததை அணிதலே மார்க்கம் விரும்புவது. புதிதே வேண்டுமென்பது வழக்கத்தால் வந்தது. சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கையில் வாணிபத்தைத் தொடங்கியபின் தையற் பொறி படிப்படியாகக் கிராமங்களையும் எட்டிற்று. கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பேர்பெற்றது. அத்தகைய தறிகளின் துணி வீட்டுப் பெண்களின் கையாற் சிறுவர்க்குச் சட்டையும் பாவாடையுமாயிற்று. ஒரே துணியில் வெட்டப்பட்டமையால் ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஒரே நிறத்தில் உலாவினர். சிறிது பெரிதாகத் தைத்து அடுத்த ஆண்டுக்கும் பயன்படுத்துவது சிக்கனத்தின் பாற்பட்டது.

அடுத்தது பாயாகும். நீர்நிலைகளிற் பன் அறுத்து, உலர்த்தி, சாயமிட்டு, பாய் இழைத்தல் இப்பகுதிப் பெண்களின் வருவாய்த் தொழிலாகவும் இல்லக் கலையாகவும் விளங்கிற்று. பாலமுனை பாறூக் தமது குறுங்காவியமொன்றுக்குத் ‘தோட்டுப்பாய் மூத்தம்மா’ எனப் பெயரிட்டிருப்பது இக்கலைக்கும் மூத்தம்மாவுக்கும் உள்ள உறவை உணர்த்தும். பெரியோர்க்கு இழைத்து எஞ்சிய சாயப் பன்னிலிருந்து சிறுமியின் விளையாட்டுக்கு உதவும் சிறு பாயும் சிறு பெட்டியும் உருவாயின. தென்னோலைக் கிளி, ஓலைக் கிலுகிலுப்பை, குரும்பட்டி வண்டி, பூவரசிலை ஊதல் ஆகியன காசின்றிக் கிடைத்த விளையாட்டுப் பொருள்களாகும். இவற்றைச் செய்து கொடுத்தோர் பெரும்பாலும் அப்பாவோ மாமாவோ ஆவர். ஓரிரு முறை கண்ட சிறுவன் மூன்றாம் முறை தானே செய்து தம்பிக்குக் கொடுத்தான். பெருநாட் காசு கடைசியிலேயே வந்தது. அது சில்லறையாகவே இருந்தது.

முதல்நாள் இரவில் மருதோன்றி அரைத்துக் கையிலிடுதலும் பலகாரம் செய்தலும் சிறுவரை உறங்கவிடாத நிகழ்ச்சிகளாகும். தொதலைக் கிண்டும்போது விறகு எடுத்துக் கொடுப்பதும், முறுக்கைத் தட்டில் அடுக்குவதும் அவர்தம் பங்கு. மறுநாட் காலையில் அத்தட்டுக்களைத் துணியால் மூடி மாமி வீட்டுக்கும் அயல் வீடுகளுக்கும் கொண்டு செல்வோரும் அவர்களே. ஹஜ்ஜுப் பெருநாளிற் குர்பான் இறைச்சிப் பங்குகளையும் அவ்வாறே சுமந்தனர். தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை. எந்த வீட்டோடு எவ்வுறவு என்பதைச் சிறுவர் இப்பயணங்களாலேயே கற்றனர். அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு போன்று தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்ந்த இடங்களிற் பெருநாட் தட்டு தமிழர் இல்லத்துக்கும், பொங்கற் தட்டு முஸ்லிம் இல்லத்துக்கும் சென்றன.

இம்மரபு தேய்ந்தமைக்கான காரணங்கள் யாவை? முதலாவது, சந்தை மாற்றமாகும். 1970 முதல் 1977 வரையான காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்ளூர்த் துணிக்கு இடமளித்தன. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்ததும் மலிவான இறக்குமதித் துணியும் ஆயத்த ஆடையும் பிளாஸ்ரிக் விளையாட்டுப் பொருளும் ஊர்க்கடைகளை நிறைத்தன. தறியின் ஓசையோடு வீட்டுத் தையலின் ஓசையும் தணிந்தது. இதனைக் கேடென்று மட்டுமே கூறுதல் நேர்மையாகாது. இரவெல்லாம் கண்விழித்துத் தைத்த பெண்ணுக்கு ஆயத்த ஆடை ஓய்வளித்தது. ஏழைச் சிறுவனுக்கும் நல்ல நிறமுள்ள சட்டை கிடைத்தது.

இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது. 1980கள் தொட்டுக் கிழக்குக் கரையோரப் பெண்கள் பலர் வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்லலாயினர். பெருநாளுக்கு முன் வந்துசேரும் பொதியில் உயர்ந்த துணியும் பொம்மையும் இனிப்பும் இருந்தன. கைப்பொருளைச் செய்த தாய் இல்லத்தில் இருந்தாள். கைப்பொருளை அனுப்பிய தாய் இல்லத்தில் இல்லை. பரிசு பெருகியது, பரிசளிப்பவர் தொலைவிலானார். அவ்விடைவெளியைப் பல வீடுகளில் நிரப்பியவர் மூத்தம்மாவே. தாய்வழிக் குடியிருப்பு முறை இல்லாதிருந்தால் அப்பிள்ளைகளின் நிலை மேலும் துன்பகரமாக இருந்திருக்கும் என்பது மறக்கற்பாலதன்று.

மூன்றாவது, போரும் பேரழிவும். 1985இல் வெடித்த தமிழ் - முஸ்லிம் மோதல்களும் 1990இன் கொலைகளும் இரு சமூகங்களுக்கிடையே சென்ற தட்டுக்களைப் பல இடங்களில் நிறுத்திவிட்டன. அயல் வீட்டு வாசலை மிதித்தறியாத ஒரு தலைமுறை உருவாயிற்று. பின்னர் 2004 டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்மஸுக்கு மறுநாட் காலையில், ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. இலங்கையில் மிகுதியான உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமாகும். ஒரு மாதம் நிறைவதற்கு முன்னரே ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அப்பெருநாளில் இக்கரையோரச் சிறுவர் பலர் உடுத்தது நிவாரணமாக வந்த ஆடையே. அறியாத நாட்டின் அறியாத ஒருவர் அனுப்பிய அக்கொடை மதிப்புக்குரியது. எனினும், கொடுத்துப் பழகிய சமூகம் பெறுவதற்கு மாத்திரம் வரிசையில் நிற்க நேர்ந்த துயர் அதனோடு கலந்திருந்தது.

இவ்வளவுக்குப் பின்னும் மரபு முற்றாக அழிந்துவிடவில்லை. 2020 மே 24ஆம் நாள் நோன்புப் பெருநாள் நாடளாவிய ஊரடங்கினுள் வந்தபோது, பள்ளிவாசல்களுக்குச் செல்லாது மக்கள் வீடுகளிலேயே தொழுதனர். கடைவீதி இல்லாத அப்பெருநாளிலும் நீங்காதிருந்த கடமை, பிள்ளைகளின் பெயரால் அரிசி அளக்கும் கடமையாகும்.

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை தெளிவாகும். வீட்டிற் செய்யப்பட்ட கைப்பொருளின் சிறப்பு அதன் அழகிலோ மலிவிலோ தங்கியிருக்கவில்லை. அது உருவாகும் வேளையிற் சிறுவர் அருகிலிருந்தனர்; உருவானபின் அதைச் சுமந்து சென்றனர்; நாளடைவில் தாமே செய்பவராயினர். கடைப்பொருள் சிறுவரைப் பெறுவோராக மாத்திரம் நிறுத்திவிடுகிறது. ஆதலின் பழைய ஓலைக் கிளியை மீட்டெடுப்பதைவிட, கொடுக்கும் தொழிலிற் சிறுவருக்கிருந்த இடத்தை மீட்டெடுத்தலே முதன்மையானது. பன் அறுத்து இழைக்கத் தெரிந்த மூத்தம்மாக்கள் இன்று முதுமையெய்தியுள்ளனர். ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமே எழுந்துள்ள இக்காலத்தில், அவர்தம் கைத்திறனையும் அதனோடியைந்த சொற்களையும் கேட்டுப் பதிவு செய்தல் கற்றோர் மீதுள்ள கடனாகும். அதுவும் அவர்களுக்குத் திருப்பியளிக்க வேண்டிய ஒரு தட்டேயாம்.