ராணிப்பேட்டை குரோமியக் கழிவுமேடு: கொள்கையிலிருந்து கிணறு வரை

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகை ஊர்களில் தோல் பதனிடுதல் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் தொழில். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கே தோலுக்குப் பதம் தந்தவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். அந்தக் கழிவுநீர் நாறியது, அதன் உப்பு நிலத்தில் இறங்கியது. ஆனால் அதில் குரோமியம் இல்லை.

1970களில் நிலைமை மாறியது. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையும் தோல்பொருள்களையும் ஊக்குவிக்க மத்திய அரசு முடிவெடுத்தது. அந்நியச் செலாவணி பெருகியது. பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல் குரோம் உப்பில் ஓரிரு நாளில் பதமாகிவிடும் என்பதால் தொழிற்கூடங்கள் வேகமாக குரோமுக்கு மாறின. அந்த உப்பை உள்ளூரிலேயே தயாரிக்க, 1970களின் நடுவில் ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியது. இந்த மாசின் வரலாற்றை அந்த ஆலையிலிருந்து தொடங்குவதே வழக்கம். ஏற்றுமதிக் கொள்கையிலிருந்து தொடங்கினால்தான் பொறுப்பு யாருடையது என்பது விளங்கும்.

குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் கலந்து உலையில் கடும் வெப்பத்தில் வறுப்பார்கள். தாதுவுக்குள் கரையாமல் கிடந்த மூவிணைதிற குரோமியம், நீரில் எளிதில் கரையும் ஆறிணைதிற குரோமியமாக மாறும். அதை நீர்விட்டுக் கரைத்து வடித்தெடுத்த பிறகும் சக்கையில் ஒரு பங்கு தங்கிவிடும். அந்தச் சக்கையைத்தான் வளாகத்திலேயே திறந்தவெளியில் கொட்டிவந்தார்கள். 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டபோது அது சுமார் 2 லட்சம் டன் மேடாகக் குவிந்திருந்தது. மழைக்குப் பின் மேட்டின் அடியிலிருந்து பளிச்சென்ற மஞ்சள் நீர் கசியும்; வெயிலில் காய்ந்தால் மண்மேல் மஞ்சள் உப்பு பூக்கும். சக்கையின் சுண்ணாம்புக் காரத்தால் இந்த குரோமியம் மண்ணில் அதிகம் ஒட்டாது, நீர் போகும் வழியெல்லாம் போகும். இப்பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே கடும்பாறை. நிலத்தடி நீர் அதன் வெடிப்புகளில்தான் ஓடுகிறது. ஆகவே ஒரு கிணறு கெட்டு அடுத்த கிணறு தப்பலாம். வரப்பில் நிற்கும் விவசாயியால் அதை ஊகிக்க முடியாது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். ஆறிணைதிற குரோமியமோ மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என உறுதிசெய்யப்பட்ட பொருள்.

1996 ஆகஸ்ட் 28 அன்று, தோல் தொழிற்கூடக் கழிவுகளை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. அதையொட்டி அமைந்த ஆணையம் 2001இல், 547 தோல் தொழிற்கூடங்கள் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. மகத்தான தீர்ப்புதான். ஆனால் தண்டம் கட்ட ஒருவர் இருந்தால்தான் அந்தக் கோட்பாடு வேலை செய்யும். மூடிப்போன ஆலையின் மேட்டை அது அசைக்கவில்லை. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசுபட்ட 10 இடங்களுள் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. 2015 ஜனவரியில் அதே ஊரில் தோல் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டை மாநில அரசே முதலில் வழங்கி, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும் என உத்தரவிட்டது. கழிவுமேட்டுக்கும் இதுவே பொருந்த வேண்டும். அந்நியச் செலாவணியால் பயன்பெற்றது நாடு முழுவதும். துப்புரவுச் செலவை மத்திய, மாநில அரசுகள் முதலில் ஏற்கட்டும், வசூல் பிறகு நடக்கட்டும். அதுவரை சுற்றுவட்டாரக் கிணறு ஒவ்வொன்றின் குரோமிய அளவையும் பருவந்தோறும் சோதித்து, அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதிவைக்க வேண்டும்.