பீலிக்கு மேலே இருக்கும் காடு

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதத்தில் ஏறி, நாவலப்பிட்டியைக் கடந்து, இங்குருஓயா, கலபொட என்னும் சிறு நிலையங்களையும் பின்னே விட்டு, மலையின் விலாவைத் தழுவி வளைந்து ஏறும் பாதையில் வட்டவளையை அடைகின்ற பிரயாணி, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி ஆடி மாதங்களில் வருவாராயின், அவ்வூரைக் கண்ணால் காண்பதற்கு முன்னரே காதால் கேட்டுவிடுவார். தகரக் கூரைகளின்மேல் மழை அறையும் ஓசையும், தேயிலை மலைகளினூடே வெட்டப்பட்ட கான்களில் செம்மண் நீர் இரைந்து ஓடும் ஓசையும், அவற்றுக்கெல்லாம் கீழே பள்ளத்தில் மகாவலியின் தலையோடைகளுள் ஒன்று கற்களில் மோதிப் புரளும் ஓசையும் சேர்ந்து ஒரே முழக்கமாய் எழும். ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இப்பிரதேசம், இலங்கைத்தீவின் மிக ஈரமான இடங்களுள் ஒன்றாக நெடுங்காலமாய் எண்ணப்பட்டு வருகிறது.

இத்தனை மழை பெய்யும் ஊரிலே தண்ணீரைப் பற்றிய கவலை எவருக்கும் இராது என்று வெளியூரார் நினைப்பது இயல்பு. ஆனால் மழைநீர் வேறு, குடிநீர் வேறு என்பதை லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலே பிறந்து வளர்ந்தவர்கள் அறிவார்கள். பெய்த மழை அன்றே ஆற்றோடு போய்விடும். மாசி பங்குனியில் அடுப்பில் ஏறுகின்ற தண்ணீர், மேலே ஒரு காட்டுத்துண்டுக்குள் பாறை வெடிப்பிலிருந்து கசிந்து, குழாய் வழியாகவோ, பிளந்த மூங்கில் வழியாகவோ இறங்கி, பீலியாக விழும் தண்ணீராகும். விடியற்காலை இருட்டில், பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்குப் போகுமுன், பீலியடியில் குடங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். முதற்குடத்துக்கு உரியவள் தண்ணீர் விழும் சப்தத்தைக் கேட்டே அன்றைய வரத்து எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். ஆகையினாலேதான், காட்டோரத்தில் கல்லுடைக்க எவரோ அனுமதி கேட்டிருக்கிறார் என்ற செய்தி மலையகத்தில் எங்கேனும் பரவினால், அங்குள்ள ஜனங்களின் வாயில் முதலாவதாக வருவது வெடிச் சத்தமும் அன்று, தூசியும் அன்று. "வெடி வைச்சா பீலித் தண்ணி நின்னு போயிருமே" என்பதே அவர்கள் சொல்வது.

இந்த அச்சம் எவ்வளவு நியாயமானது என்பதை உணர வேண்டுமானால், வட்டவளையின் கல்லும் காடும் எவ்வாறு ஒன்றையொன்று சார்ந்து நிலைத்தன என்ற பழைய சரித்திரத்தைப் பார்க்க வேண்டும்.

இலங்கையின் நடுமலைநாடு மிகப் புராதனமான உருமாறிய பாறைகளால் ஆனது. அவற்றுள் ஒன்று, சென்னைக்கருகே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணப்படும் நீலச்சாயல் கொண்ட கருங்கல்லின் இனத்தைச் சேர்ந்தது. 1893ஆம் ஆண்டில் ஹாலண்ட் என்ற பூதத்துவ நிபுணர் அதற்குச் சார்னகைற் என்று பெயரிட்டார். தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து இம்மலைகளில் கல்லுடைத்தவர்களின் சம்மட்டிக்குக் கீழே கிடந்தது, அவர்கள் விட்டு வந்த மண்ணின் அடியிலும் கிடந்த அதே இனத்துக் கல் என்று எண்ணும்போது மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது. அக்கல் தன்னளவில் உறுதியானதுதான். ஆனால் வட்டவளை போன்ற மழைப் பிரதேசத்தில், யுகயுகமாக இறங்கிய நீர் பாறையின் மேற்பகுதியை இளக்கி மண்ணாக்கிவிட்டது. மேட்டிலிருந்து வழிந்த மண்ணும் உருண்ட கற்களும் சரிவுகளில் ஆழமாகப் படிந்துள்ளன. பாறையில் உள்ள வெடிப்புகளே நீரின் களஞ்சியம். அதன்மேல் நிற்கும் காடு, மழையை மெல்ல மெல்ல உள்ளே அனுப்பும் கதவு.

அந்தக் காட்டின் கதையை 1840ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். அவ்வாண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் அரசுக்கே உரியன என்று கொள்ள வழிவகுத்தது. மலைநாட்டுக் காடு, ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங் என்ற விலைக்குக் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. 1844இல்தான் அது ஒரு பவுணாக உயர்ந்தது. காடு வெட்டிய முறையோ கேட்போரை நடுங்கச் செய்வது. சரிவின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மரத்தையும் முற்றாக வெட்டாமல் பாதியளவு கொத்திக்கொண்டே மேலேறுவார்கள். உச்சியை அடைந்ததும் அங்குள்ள பெருமரங்களை மட்டும் முழுமையாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை விழும் வேகத்தில் கீழுள்ளவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, ஒரு மலைமுகம் முழுவதும் ஒரே கணத்தில் பேரிடியோடு சரிந்து விழும். சில வாரம் காய விட்டுத் தீ வைப்பார்கள். சாம்பல் ஆறியதும் கன்று நடுவார்கள்.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. இதற்கிடையே, 1873இல், இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்தின் அதிபராயிருந்த ஜோசப் ஹூக்கர், இலங்கையின் மலைக்காடுகள் அழிவதால் நீரும் மண்ணும் கெடும் என்று எச்சரித்து, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்கலாகாது என்று ஆலோசனை கூறினார். அரசும் அதனை ஏற்றது. இன்று ஹோட்டன் சமவெளியிலும் சிவனொளிபாதமலையைச் சூழ்ந்தும் எஞ்சியிருக்கும் காடு அந்த எச்சரிக்கைக்குப் பெரிதும் கடமைப்பட்டுள்ளது. அதனை நன்றியோடு நினைவுகூரும் அதே வேளையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. வட்டவளைப் புகையிரத நிலையம் ஏறத்தாழ 3,200 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த 5,000 அடிக் காப்புக் கோடு இவ்வூரின் தலைக்குமேல் எங்கோ உயரத்தில் சென்றுவிட்டது. மழை அதிகமாய்ப் பொழிகின்ற இடைமலை வெட்டுவோர் கையில் விடப்பட்டது.

அப்படியானால் லயங்களுக்கு மேலே இன்றும் தென்படும் காட்டுத்துண்டுகளைக் காப்பாற்றியது யார்? என் அபிப்பிராயத்தில், அவற்றைக் காப்பாற்றியது கல்லே. மண்வெட்டி இறங்காத பாறை முகடுகளையும், கன்று பிடிக்காத செங்குத்துச் சரிவுகளையும், ஓடைக் கரைகளின் கற்குவியல்களையும் தேயிலைக்கு உதவாதவை என்று துரைமார் ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்ட இடத்தில் காடு தங்கிற்று. காடு தங்கிய இடத்தில் ஊற்று தங்கிற்று. ஊற்றின் வாயிலே கருங்கல் ஒன்றை நட்டு, மாடசாமி என்றும் முனியாண்டி என்றும் பெயரிட்டுத் தொழிலாளர் கற்பூரம் கொளுத்தினார்கள். இன்று கற்குவாரிக்குத் தக்க இடம் தேடி வருவோரின் கண்ணில் முதலில் படுவதும் மண் குறைந்து பாறை வெளித்தெரியும் அதே முகடுதான். ஒரு காலத்தில் காட்டுக்குக் காவலாய் நின்ற கல்லே இக்காலத்தில் அதற்கு ஆபத்தாய் முடிகிறது.

கல்லுடைப்பு இம்மலைகளுக்குப் புதிதன்று. கட்டாய ராஜகாரிய ஊழியம் 1832இல் ஒழிக்கப்பட்டபின், தெருவமைக்கும் வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் சேர்க்கப்பட்டுப் பயனியர் படை என்னும் தொழிற்படையில் அமர்த்தப்பட்டனர். வீதியமைப்பு அதிகாரி தோமஸ் ஸ்கின்னரின் பெயரால் நாம் புகழும் மலைநாட்டு வீதிகளில் அவர்களுடைய உழைப்பு புதைந்து கிடக்கிறது. நாவலப்பிட்டி வரை 1874இல் வந்து நின்ற புகையிரதப் பாதை, பத்து ஆண்டு கழித்து 1884இல் ஹற்றனை எட்டியது. அந்தப் பத்தாண்டில் இச்சரிவுகளில் பாறை பிளக்கப்பட்டது, சுரங்கம் குடையப்பட்டது, மதகும் பாலமும் கட்டப்பட்டன. தண்டவாளத்துக்கு அடியில் இடும் சல்லியைச் சம்மட்டியால் உடைத்தவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. வீதியோரத்தில் குந்தியிருந்து, பழைய ரயரிலிருந்து அறுத்த வளையத்துக்குள் கல்லை அடக்கி, அது தெறித்துக் கண்ணில் படாதபடி தலையைச் சற்றே சாய்த்து, நாள் முழுவதும் உடைத்துக் குவிக்கும் பெண்களை நான் கண்டிருக்கிறேன். அந்தத் தொழிலை இழிவாகப் பேச எனக்கு மனம் இல்லை. வீட்டுக்கும் வீதிக்கும் பாலத்துக்கும் கல் வேண்டும். மண்ணும் தகரமுமான லயக் காம்பராவிலிருந்து கல்வீட்டுக்குப் போக விரும்பும் குடும்பத்துக்கும் கல் வேண்டும். கையால் உடைத்த காலத்தில் ஒரு குழி அகலிக்க ஒரு தலைமுறை சென்றது. துளைக்கும் யந்திரமும் வெடிமருந்தும் வந்த காலத்தில் ஒரு முகடு சில ஆண்டிலேயே மறைந்துவிடுகிறது. இவ்விரண்டையும் ஒரே தொழில் என்று அழைப்பது பொருந்தாது.

மலையை வெட்டினால் என்ன நேரும் என்பதற்கு வேறு தேசம் தேடிப் போக வேண்டியதில்லை. 1990களின் முற்பகுதியில் வட்டவளையிலேயே, புகையிரதப் பாதை செல்லும் சரிவொன்று, பருவமழைக் காலத்தில் பாதையோடு சேர்ந்து நகரத் தொடங்கியது. ஆராய்ந்த எந்திரிகள், படிந்த மண்ணினுள் தேங்கி அழுத்தும் நிலத்தடி நீரே காரணம் எனக் கண்டு, சரிவின் உள்ளே நீண்ட துளைகள் இட்டு நீரை வடித்த பின்னரே அதனை அடக்க முடிந்தது. வட்டவளை மண்சரிவு என்ற பெயர் இன்று பிறநாட்டுப் பொறியியல் ஏடுகளிலும் படிக்கப்படுகிறது. உள்ளே ஓடும் நீரின் வழி மாறினால் மலை அசையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வெடியினால் பாறையின் பழைய வெடிப்புகள் விரிவதும், புதியவை திறப்பதும், மேல்மண்ணை அகற்றித் தள்ளிய குவியல் கானை அடைப்பதும், அந்த நீர்வழியையே மாற்றிவிடக் கூடியவை. ஓரிடத்தில் ஊற்று வற்றும். மற்றோரிடத்தில் சரிவு நனைந்து கனக்கும். 2014 ஐப்பசியில் கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதைக் கண்ட சமூகம், இத்தகைய வார்த்தைகளைப் புத்தகத்தில் படித்து அறிய வேண்டிய நிலையில் இல்லை.

இவ்வளவும் அறிந்த ஜனங்கள் ஏன் இதுகாலவரை உரக்கப் பேசவில்லை என்று கேட்பது எளிது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே எண்ணிக்கையாய்ப் பங்கிட்டது. குடியிருந்த வீடும், வீடிருந்த நிலமும், நிலத்துக்கு மேலிருந்த காடும் தோட்டத்தினுடையவை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் தாராளமாகச் சேவை செய்யத் தடையாயிருந்த விதி, 2018இல்தான் திருத்தப்பட்டது. சொந்தமில்லாத மலையைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எவருக்குத்தான் துணிவு வரும்?

ஆயினும், இயற்கைச் செல்வத்தின்மீது குடிமக்களுக்கும் ஓர் உரிமை உண்டு என்பதை இந்நாட்டு உயர்நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. எப்பாவலையில் பொஸ்பேற்றுப் படிவத்தை அந்நியக் கம்பெனிக்கு அகழக் கொடுக்கும் ஏற்பாட்டை எதிர்த்து, அப்பகுதி விவசாயிகளும் விகாராதிபதி ஒருவரும் வழக்காடினர். 2000ஆம் ஆண்டில் நீதியரசர் அமரசிங்க அளித்த தீர்ப்பு, இயற்கைச் செல்வத்துக்கு அரசு காவலனே என்ற கருத்தை உறுதியாக எடுத்துரைத்தது. கடலுக்கு அப்பால், மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியிலும் இத்தகைய போராட்டம் ஒன்று நிகழ்ந்தது. ஏழு குன்றுகளும் 200 சுனைகளும் 72 ஏரிகளும் கொண்ட அவ்வூர், கருங்கல் குவாரியை நெடுநாள் எதிர்த்து நின்றது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர் மரபுத்தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னும் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது, கிராமத்தார் மேலூரிலிருந்து மதுரை வரை திரண்டு சென்றனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை இரத்துச் செய்தது. அரிட்டாபட்டியாருக்குப் பட்டாவும் ஏரிப்பாசனமும் கோயில் முறையும் துணை நின்றன. வட்டவளையாருக்கு அத்துணைகள் இல்லை. பீலி ஒன்றுதான் உண்டு.

இலங்கையில் இன்று கல்லகழ 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் உத்தரவுப்பத்திரம் வேண்டும். காப்புக் காட்டின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் வரும் குறித்த வகை வேலைகளுக்குச் சுற்றாடல் ஆய்வும் வேண்டும். முழு மதிப்பீட்டு அறிக்கை கேட்கப்படுமிடத்து, அதனை மக்கள் பார்வைக்கு வைத்து, தமிழிலும் விளம்பரம் செய்து, 30 நாட்கள் அபிப்பிராயம் கேட்க வேண்டும். ஆனால் லயத்துக்கு மேலுள்ள காட்டுத்துண்டுகள் பல, காப்புக் காடு என்ற பெயரே பெறாதவை. அவை எந்த வரைபடத்திலும் தேயிலை விளையாத கல்நிலம் என்ற அளவிலேயே குறிக்கப்படும். அந்தக் கல்நிலத்தில் எந்தப் பாறையின் எந்த வெடிப்பிலிருந்து தண்ணீர் புறப்படுகிறது, பங்குனியில் எந்த ஊற்று முதலில் மெலிகிறது, எந்த ஓடை எந்த லயத்துப் பீலிக்கு இறங்குகிறது என்பதைக் கைவிரலால் சுட்டிக் காட்டக் கூடியவர்கள், விடியுமுன் குடத்தோடு அங்கே வந்து நிற்கும் பெண்கள். அளவை செய்ய வரும் உத்தியோகத்தர் மழைக்காலம் கழித்து வந்து, அவர்களுள் ஒருத்தியை அழைத்துக்கொண்டு, பீலியிலிருந்து மேல்நோக்கி நடக்கத் தொடங்க வேண்டும்.