பின்னிய மொழியில் உடலுறுப்புப் பெயர்கள்: மரபும் கடனும்

1. முன்னுரை

ஒரு மொழியைக் கற்கத் தொடங்குவோர் முதலில் மனனம் செய்யும் சொற்களுள் உடலுறுப்புப் பெயர்கள் அடங்கும். மொழிகளின் இனவுறவை ஆராய்ந்தோரும் இச்சொற்களையே முதலில் நாடினர். கண், கை, வாய், பல் ஆகியன எல்லா மக்களுக்கும் உள்ளவை. ஆதலின் அவற்றின் பெயர்களைப் பிற மொழியிலிருந்து கடன்பெறும் தேவை எழாது என்று அவர்கள் கருதினர். மாரிஸ் சுவாதேஷ் 1955இல் வெளியிட்ட நூறு அடிப்படைச் சொற்களின் பட்டியலில் உடலுறுப்புப் பெயர்கள் மிகுதியாக இடம்பெற்றமைக்கும் இக்கருத்தே அடிப்படை. இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைப் பின்னிய மொழியின் சொல்வரலாறு நன்கு காட்டுகிறது. இக்கட்டுரையில் அயல்மொழிச் சொற்கள் அவற்றின் ஒலிப்புக்கு ஏறத்தாழ நெருங்கிய தமிழ் வடிவில் தரப்படுகின்றன.

2. மரபுச் சொற்கள்

அங்கேரியரான யானோஸ் ஷாய்னோவிச் 1769இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்து செல்வதைக் காண நார்வேயின் வடகோடியிலுள்ள வார்டோவுக்குச் சென்றார். அங்கு வாழ்ந்த சாமி மக்களின் மொழி தம் மொழியை ஒத்திருப்பதைக் கண்டு 1770இல் நூலொன்றை வெளியிட்டார். சாமுவேல் ஜார்மத்தி 1799இல் இவ்வாய்வைப் பின்னியம் உள்ளிட்ட மொழிகளின் இலக்கண ஒப்பீடாக விரிவுபடுத்தினார். பின்னர் யூரல் மொழிக்குடும்பம் என நிறுவப்பட்ட கொள்கைக்கு இவை தொடக்கங்களாயின.

இக்குடும்பத்துக்கு உரிய பழஞ்சொற்கள் பின்னியத்தில் பல உள்ளன. கண்ணைக் குறிக்கும் 'ஸில்மே' அங்கேரியில் 'ஸெம்' எனவும், குருதியைக் குறிக்கும் 'வெரி' அங்கு 'வேர்' எனவும் வழங்குகின்றன. எனினும் இவ்வொற்றுமையைவிட ஒலி மாற்றத்தின் ஒழுங்கே வலிய சான்று. கையைக் குறிக்கும் 'கேஸி' என்பதன் பழைய அடி 'கேதெ' என்பதாகும். சொல்லிறுதியில் 'தி' என்பது 'ஸி' எனத் திரிந்தது; வேற்றுமை ஏற்கும்போது தகரம் மீண்டும் தோன்றுகிறது. இத்தகரத்துக்கு ஈடாக அங்கேரியில் ஒலிப்புடைய ஸகரம் வரும்: கை 'கேஸ்', நீர் 'வீஸ்'. பின்னியத்தில் நீரைக் குறிக்கும் 'வெஸி' என்பதன் அடியும் 'வெதெ' என்பதே. இவ்வாறே பின்னியச் சொல்முதல் பகரத்துக்கு அங்கேரியில் ஃபகரம் வரும்: தலை 'பே' – 'ஃபெய்', மரம் 'பூ' – 'ஃபா', மகன் அல்லது சிறுவன் 'பொய்கா' – 'ஃபியூ'.

3. பல்லின் பெயர்

இவ்விதியின்படி, அங்கேரியில் பல்லைக் குறிக்கும் 'ஃபோக்' என்ற சொல்லுக்கு இணையாகப் பகரத்தில் தொடங்கும் சொல் பின்னியத்தில் இருத்தல் வேண்டும். ஆனால் பின்னியத்தில் மனிதனின் பல் 'ஹம்மஸ்' எனப்படுகிறது. எதிர்பார்க்கப்படும் பழஞ்சொல் 'பிஇ' என நீண்ட இகரத்தோடு இன்றும் வழங்குகிறது. ஆயினும் வைக்கோல் வாரி, பலுகு, சீப்பு ஆகிய கருவிகளின் பல்லையே அது குறிக்கிறது. உடலுக்கு உரியதாயிருந்த பெயர் உடலை விட்டு நீங்கிக் கருவியில் தங்கிவிட்டது.

அதன் இடத்தைப் பிடித்த 'ஹம்மஸ்' பால்டிக் மொழிகளிலிருந்து வந்த கடன்சொல். டேனிய அறிஞர் வில்ஹெல்ம் தாம்சன் பின்னிய மொழிகளுக்கும் பால்டிக் மொழிகளுக்கும் இடையிலான தொடர்பை 1890இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். லித்துவேனியத்தில் 'ஜம்பஸ்' கூர்விளிம்பைக் குறிக்கும். லாட்விய மொழியில் 'ஸுவப்ஸ்' பல்லைக் குறிக்கும். பல், தாடை எனப் பொருள்படும் வடமொழி 'ஜம்ப' என்பதும் இவற்றோடு ஓரினச் சொல்லே. பின்னியச் சொல்லின் ஆறாம் வேற்றுமை வடிவம் 'ஹம்பான்'. எழுவாயில் மறைந்த பகரம் இவ்வடிவில் எஞ்சியிருப்பதைக் காணலாம். கற்போருக்கு ஒழுங்கின்மையாகத் தோன்றும் இவ்வேறுபாடு சொல்லின் மூலத்தைக் காட்டும் தடயமாகும்.

கழுத்தைக் குறிக்கும் 'கௌலா' (லித்துவேனியம் 'கக்லஸ்'), தொடையைக் குறிக்கும் 'ரெய்ஸி' ஆகியனவும் பால்டிக் கடன்களே. தோளைக் குறிக்கும் 'ஹர்த்தியா', வயிற்றைக் குறிக்கும் 'மஹா' ஆகியன ஜெர்மானியக் கிளையிலிருந்து வந்தவை. இவற்றுள் பல், கழுத்து ஆகிய இரண்டும் சுவாதேஷின் நூறு சொற்களுள் அடங்குவன.

4. கடனுக்குக் காரணம்

இல்லாத பொருளுக்கே பெயர் கடன்பெறப்படும் என்ற விளக்கம் இங்குப் பொருந்தாது. பின்னிய மொழியின் முன்னோர்க்குப் பல்லும் இருந்தது, பல்லுக்குப் பெயரும் இருந்தது. பால்டிக் மொழிகளிலிருந்து வந்த பிற சொற்களை நோக்கினால் காரணம் புலப்படும். மகளைக் குறிக்கும் 'தியுதேர்', உடன்பிறந்தாளைக் குறிக்கும் 'ஸிஸர்', மணமகளைக் குறிக்கும் 'மொர்ஸியன்' ஆகியனவும் அவ்வழி வந்தவையே. மகளுக்கும் மணமகளுக்கும் அயல்மொழிப் பெயர் வழங்கிய சமூகத்தில் கொள்வினை கொடுப்பினையும் இருமொழி வழக்கும் வீட்டுக்குள்ளேயே நிலவியிருத்தல் வேண்டும். அத்தகைய வீட்டில் குழந்தை தன் பல்லின் பெயரைத் தாயின் மொழியில் கற்றிருத்தல் இயல்பு.

தமிழிலும் இதயம், நாபி முதலிய வடசொற்கள் உடலுறுப்புகளுக்கு வழங்குகின்றன. ஆயினும் நெஞ்சு, கொப்பூழ் ஆகிய தமிழ்ச்சொற்கள் தம் பொருளை இழக்கவில்லை. இருவகைச் சொற்களும் நடைவேறுபாட்டோடு நிலவுகின்றன. பின்னியத்திலோ கடன்சொல் பழஞ்சொல்லை அதன் பொருளினின்று அகற்றிவிட்டது. ஆகவே கடனின் விளைவு எல்லா மொழிகளிலும் ஒன்றே எனக் கொள்ளலாகாது.

5. திராவிட ஒப்பீடு

இவ்வரலாறு திராவிட மொழியியலுக்கும் தொடர்புடையது. கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைப் பின்னியம் உள்ளிட்ட 'சித்திய' மொழிகளோடு உறவுபடுத்தினார். ஓட்டோ ஷ்ராடர் 1925இல் இவ்வொப்பீட்டைத் தொடர்ந்தார். தாமஸ் பரோ 1944இல் திராவிட, யூரல் மொழிகளின் உடல்சார் சொற்களை ஒப்பிட்டுத் தனிக் கட்டுரையே எழுதினார். இவ்வுறவு இன்று பெரும்பாலான அறிஞரால் ஏற்கப்படவில்லை.

தமிழ்க் 'கை'யும் பின்னியக் 'கேஸி'யும் கேட்ட அளவில் நெருங்கியவை. ஆனால் பின்னியச் சொல்லின் அடியில் தகரம் உண்டு. திராவிட அடியான 'கய்' என்பதில் அது இல்லை. இவ்வேறுபாட்டை விளக்கும் ஒழுங்கு பல சொற்களில் காட்டப்படும் வரை இவ்வொலியொப்புமை சான்றாகாது. உடலுறுப்புப் பெயர் என்பதாலேயே ஒரு சொல்லுக்குத் தனி மதிப்பு அளிப்பது எவ்வளவு பிழைபடும் என்பதற்கு 'ஹம்மஸ்' தக்க எச்சரிக்கை. அச்சொல்லை மட்டும் கொண்டு ஒப்பிடின் பின்னியம் வடமொழிக்கு இனமாகிவிடும்.

6. மொழிபெயர்ப்பாளர் நோக்கில்

பின்னியத்தில் 'கேஸி' விரல் முதல் தோள் வரையும், 'யல்கா' பாதம் முதல் தொடை வரையும் குறிக்கும். தமிழின் கை, கால் ஆகிய சொற்களும் அத்தகையன. ஆங்கிலம் இவற்றை இரண்டாகப் பகுத்து வழங்குவதால், ஆங்கில வழியாக மொழிபெயர்ப்போர் மூலத்தில் இல்லாத பாகுபாட்டைத் தமிழில் புகுத்த நேரும். எலியாஸ் லோன்ராட் தொகுத்த 'கலேவலா' 1994இல் ஆர். சிவலிங்கத்தால் பின்னிய மூலத்திலிருந்தே தமிழாக்கப்பட்டமை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

அக்காப்பியத்தின் 15ஆம் பாடலில், கொலையுண்ட லெம்மின்கைனனின் உடலைத் துவோனெலா ஆற்றிலிருந்து அவன் தாய் ஒரு வாரியால் துழாவி எடுத்து, எலும்போடு எலும்பையும் தசையோடு தசையையும் பொருத்துகிறாள். அவ்வாரியின் பற்களுக்குப் 'பிஇ' என்ற பழஞ்சொல்லே ஆளப்படுகிறது. 40ஆம் பாடலில் காந்தெலே யாழுக்கு உறுப்பாகும் மீன்பல்லோ 'ஹம்மஸ்' எனப்படுகிறது. தமிழில் இரண்டும் 'பல்'லே. மொழிபெயர்ப்பில் வேறு சொல்லைத் தேட வேண்டுவதில்லை. பின்னியத்தில் பிரிந்துபோன இரு பொருள்களும் தமிழில் ஒரு சொல்லில் கூடுகின்றன.

7. முடிவுரை

உடலுறுப்புப் பெயர்கள் மொழியுறவை அறியப் பயன்படுவன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை கடனுக்கு அப்பாற்பட்டவை அல்ல. ஒலி மாற்ற ஒழுங்கு, வேற்றுமை வடிவங்கள், பொருள் மாற்றம் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கும்போதே அவை சான்றாகும். எழுவாய் வடிவத்தை மட்டும் தரும் சொற்பட்டியல்கள் கற்போர்க்கும் ஆய்வோர்க்கும் சொல்லின் வரலாற்றை மறைத்துவிடுகின்றன. 'ஹம்மஸ்' என்பதோடு 'ஹம்பான்' என்பதையும், அதனோடு 'பிஇ' என்பதையும் சேர்த்துத் தரும் அகராதியே முழுப்பயன் நல்கும்.