பூஜ்யம் ஐந்தரையான கதை

1976-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் மூன்று பேர் சேர்ந்து நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆய்வகக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் அட்டைகள்தான் அவர்கள் சரக்கு. ஆனால் அந்த அட்டையை வேலை வாங்கப் பக்கம் பக்கமாக நிரல் எழுத வேண்டியிருந்தது. சோதனையை ஓரம்கட்டிவிட்டு நிரலோடு மல்லுக்கட்டுவது விஞ்ஞானிகளின் தலையெழுத்தானது. எழுதாமலே நிரல் செய்ய முடியாதா? மூவரில் ஒருவரான ஜெஃப் கொடோஸ்கி யோசித்தார்.

1984-ல் மெக்கின்டோஷ் கணினி வந்தது. திரையில் படம் வரையலாம், மவுஸால் இழுக்கலாம். கொடோஸ்கி தேடியது கையில் கிடைத்துவிட்டது! 1986-ல் லேப்வியூ மென்பொருள் பிறந்தது. ஒரு ஜன்னலில் மீட்டர்களும் பொத்தான்களும். இன்னொன்றில் கட்டங்களும் அவற்றை இணைக்கும் வயர்களும். வயர் இழுத்தால் நிரல் தயார். பிறந்த வீடான மெக்கின்டோஷிடமிருந்து இது ஒரு விசித்திரப் பழக்கத்தையும் சீதனமாக வாங்கிக்கொண்டது.

மெக்கின்டோஷ் காலத்தை நொடிகளாக எண்ணியது, அதுவும் 1904 ஜனவரி 1-லிருந்து. ஏன் 1904? நூற்றாண்டின் தொடக்கமான 1900 நான்கால் வகுபடும். ஆனாலும் அது லீப் ஆண்டு இல்லை. அந்த ஒற்றைத் தொல்லையைத் தாண்டிவிட்டால் 2099 வரை ‘நான்கால் வகுபட்டால் லீப்’ என்ற ஒரே விதி போதும். அழகான சிக்கனம்தான். அந்தக் கடிகாரத்துக்கு உள்ளூர் நேரம் மட்டுமே தெரியும் என்பதால் வம்பும் இல்லை. லேப்வியூ ஊர் தாண்டும் வரை.

1992-ல் அது விண்டோஸுக்கும் வந்தது. நாளடைவில் அதன் பூஜ்யம், உலகப் பொதுநேரப்படி 1904-ன் முதல் நள்ளிரவு என்றானது. திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும். இந்திய ஆய்வகத்தில் ஒருவர், சோதனை தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்று காட்ட, இப்போதைய நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழித்து, விடையை நேரம் காட்டும் பெட்டியோடு வயரால் இணைத்தார். பொத்தானை அழுத்தினார். சோதனை தொடங்கிய அந்த நொடியிலேயே பெட்டி காட்டியது: 05:30:00.

கழித்தல் சரி. வயரும் சரி. அந்த ஐந்தரை மணி எங்கிருந்து முளைத்தது?

பிடிவாதக்காரர்கள் ஐந்தரை மணிக்குரிய 19,800 நொடிகளைக் கழித்துப் பார்த்தார்கள். பெட்டி பூஜ்யத்துக்கு வந்தது. அதே நிரல் ஆஸ்டினுக்குப் போனால்? கழிக்காவிட்டால் அங்கே பூஜ்யம் என்பது 1903 டிசம்பர் 31, மாலை 6 மணி. கழித்ததும் அதே நாளின் பகல் 12:30! இது போதாதென்று, நாள்கணக்கில் ஓடும் சோதனையில் 24 மணி நேரம் முடிந்ததும் பெட்டி மறுபடி தொடக்கத்துக்கே திரும்பியது. ஒரு நாள் முழுக்கக் காணாமல் போனது.

பிழை கணக்கில் இல்லை, கேள்வியில் இருந்தது. அந்தப் பெட்டியிடம் கேட்கப்பட்டது ‘மணி என்ன?’ என்று. அதுவும் 1904-ன் அந்த முதல் நள்ளிரவில், பொதுநேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே ஓடும் இந்திய நேரம் என்னவோ அதை ஒழுங்காகச் சொன்னது. ‘எவ்வளவு நேரமாயிற்று?’ என்று கேட்க லேப்வியூவில் தனி வழி இருந்தது. பெட்டியின் அமைப்பில் ‘சார்பு நேரம்’ என்றொரு தேர்வு. வடிவக் குறியீட்டில் பெரிய ‘T’க்குப் பதில் சின்ன ‘t’. அந்த ஓர் எழுத்தை மாற்றியதும் 1904-ம் போனது, ஐந்தரையும் போனது. பெட்டியில் 00:00:00 நின்றது, பிறகு 00:00:01.